எட்டுப் பெரிய பேட்டரி

நூற்று இருபது வெள்ளி.
சட்டைப்பையில் ஐம்பது,
கைபேசி உறைக்குப் பின்னால் ஐம்பது,
பணப்பையில் சில்லறையாக இருபது.
ஒரே இடத்தில் வைத்திருந்தால்
விலை கேட்கும்போது என் முகம் சொல்லிவிடும்.

தோள்பையில் எட்டுப் பெரிய பேட்டரி,
பிறையில் எங்கள் கிடங்கு டார்ச் லைட்டுகளிலிருந்து
கேட்காமல் கடன் வாங்கியவை.
திங்கள் காலை ஆறு மணிக்குள் திருப்பி வைக்கணும்.
"உள்ளே என்னக்கா, கருங்கல்லா?" என்றான்
ஃபெர்ரியில் பக்கத்தில் நின்ற பையன்.
கிட்டத்தட்ட, என்றேன்.

லோரோங் கூலிட், ஞாயிறு, எட்டேகால்.
தார்ப்பாயின் மேல்
பல் மருத்துவரின் இடுக்கி,
மூடியில்லாத மூன்று ரைஸ் குக்கர்,
யாரோ பட்டம் வாங்கிய படம், சட்டத்தோடு.
நடுவில் அது:
இரண்டு ஸ்பீக்கர், ஒரு கைப்பிடி,
கைபட்ட இடமெல்லாம் பூச்சு போய்
முழங்கை மாதிரி கறுத்திருந்தது.

"இருநூற்று ஐம்பது. ஜப்பான் சாமான், தங்காச்சி,"
என்றார் பூன் கியாட், மலாயில்.
தலையைத் தூக்காமல்
நண்டு மாதிரி குத்தவைத்து உட்கார்ந்தேன்.
பேட்டரிக் கதவுக்குள் பச்சை உப்பு பூத்திருந்தது.
ஐந்து காசு விளிம்பால் சுரண்டினேன், போயிற்று.
ஒவ்வொன்றாக எட்டையும் உள்ளே இறக்கினேன்.
அவர் வாயிலிருந்த சிகரெட்டை எடுத்தார்.
பேட்டரியோடு வருகிறவள்
சும்மா பார்த்துவிட்டுப் போகிறவள் இல்லை.

ரேடியோ இரைந்தது. நல்லது.
கேசட் பொத்தானை அழுத்தினேன்.
உள்ளே மோட்டார் முனகியது, சக்கரம் சுற்றவில்லை.
"ஐயோ, செத்துப்போச்சு," என்றார் அவரே.
ரப்பர் பெல்ட் இளகியிருக்கும்,
எட்டு வெள்ளிக்குக் கிடைக்கும்,
மாற்ற அரைமணி நேரம்.
எனக்குத் தெரியும்.
சொல்லவில்லை.
உதட்டைப் பிதுக்கினேன், அவ்வளவுதான்.

நூற்றைம்பது ஆனது. நூற்று நாற்பது ஆனது.
நூறு, என்றேன்.
எதிர்க்கடை குடைக்காரரைப் பார்த்துச் சிரித்துவிட்டு
நூற்றுப் பத்து, என்றார். கைகொடுத்தேன்.
பணத்தை எண்ணி உள்ளே வைத்தபின்
ஒரு சின்னத் திருப்புளி எடுத்து
ஆன்டெனாவைக் கழற்றினார்.
"இது தனி. முப்பது."

நானும் ஒன்றைச் சொல்லவில்லை, அவரும் ஒன்றைச் சொல்லவில்லை.
சண்டை பிடிக்க எனக்கு வாய் வரவில்லை.

மிச்சம் பத்து வெள்ளி.
இரண்டு ரொட்டி சானாய், ஒரு தே தாரே.
ஃபெர்ரிக்குக் கவலையில்லை:
தீவுக்கு வரத்தான் காசு,
போகிறவர்களை இந்தத் தீவு சும்மா விட்டுவிடுகிறது.

மேல்தளத்தில் மழை சாய்ந்து அடித்தது.
என் மடக்குக் குடை ஒரு பக்கம் ஏற்கனவே உடைந்தது.
தொங்கிய கம்பியை முறுக்கி ஒடித்து
ஆன்டெனா இருந்த ஓட்டையில் செருகினேன்.
கொஞ்சம் கரகரப்பு,
பிறகு ஒருவர் தெளிவாக
கடல் கொந்தளிப்பைப் பற்றிப் பேச ஆரம்பித்தார்.

பாகான் டாலாம் அடுக்குமாடியில் நான் ஆறாம் வகுப்பு.
குணாளன் இதைத் தோளில் வைத்துப்
படிக்கட்டில் இறங்கினால் நான்கு மாடிக்கும் கேட்கும்.
"சன்னலைச் சாத்துடி" என்பார் அம்மா.
சாத்துவேன்.
கண்ணாடியில் காதை வைத்துக்கொள்வேன்.
அவனிடம் யாரும்
சத்தத்தைக் குறை என்று சொன்னதில்லை.

எழுந்து நின்று தூக்கி
வலது தோளில் வைத்தேன்.
கனம். நினைத்ததைவிடக் கனம்.
கைப்பிடி கழுத்தெலும்பில் குத்தியது,
குடைக்கம்பி காதை உரசியது.
கருங்கல்லா என்று கேட்ட பையன்,
அதே பையன், திரும்பும் பயணத்திலும் இருந்தான்.
வாயைத் திறந்தான், ஒன்றும் கேட்கவில்லை.
தலைக்கவசத்தோடு நின்ற ஓர் அம்மா
மட்டும் முகத்தைச் சுளித்தார்.
அலை இரண்டு மீட்டர் வரை எழும்பலாம்,
சிறு படகுகள் எச்சரிக்கை, என்றது பெட்டி.

சத்தத்தைக் கூட்டினேன்.

மணி பத்து.
பேட்டரியைத் திருப்பி வைக்க
இன்னும் இருபது மணி நேரம் இருக்கிறது.